படகு மங்களம்

இசை விழா நடப்பது உறுதியாகிவிட்டது. கடற்கரை மைதானத்தை மூன்று நாளுக்கு விட்டுக்கொடுக்க நகரசபை சம்மதித்திருக்கிறது என்று அங்குள்ள கிளாக்கர் இன்று காலை எனக்குச் சொன்னார். ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எழுதுவதில்லை என்பது என் பழைய பழக்கம். ஆகவே விழாக் குழுவின் செயலாளரை அவர் வேலை செய்யும் வங்கிக்கே போய்ப் பார்த்துக் கேட்டேன். ஓம் என்றார். கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பாடப் போகிறவள் நீ என்பதையும் அவரே உறுதிப்படுத்தினார். மகளே, இந்தத் துறைமுகத்திலிருந்து இத்தனை வருடம் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பவனுக்கு இதைவிட மகிழ்ச்சியான செய்தி கிடைத்திருக்காது. ஆனால் வங்கியை விட்டு வெளியே வந்தபோது என் சைக்கிளை எங்கே சாத்தி வைத்தேன் என்றே எனக்கு நினைவு வரவில்லை. காரணம் செயலாளர் அதற்குப் பிறகு சொன்ன விஷயம்.

அவர் இளைஞர், நல்ல பிள்ளை. பதினைந்து வருடத்துக்கு மேலாக நின்றுபோயிருந்த விழாவைத் திரும்பத் தொடங்க வேண்டும் என்று வீடு வீடாக அலைந்தவர். "ஐயா, உங்கட மகள் எழுதிக் கேட்டதெல்லாம் செய்துபோட்டம்" என்றார். என்ன கேட்டவ என்றேன். "தான் பாடேக்க சனம் நடுவில எழும்பி நடமாடக் கூடாதாம். கொழும்பில இருந்து ஒலிப்பதிவுக்கும் ஆக்கள் வருகினம். அதால அவ மேடையில ஏறினதும் மைதானக் கேற்றைப் பூட்டுறம். மங்களம் முடியத்தான் திறப்பம்." அப்போ லோஞ்ச் படகில் குடாவைக் கடந்து மூதூருக்குத் திரும்பிப் போக வேண்டியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "ஒரு நாள்தானே ஐயா, இருந்து முழுக்கக் கேட்டிட்டுப் போகட்டும். லோஞ்ச் எங்க ஓடியா போகப் போகுது?" என்று சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். அவர் சின்னப் பிள்ளையாகத் திரிந்த காலத்தில் நடந்ததை அவர் எப்படி அறிவார்? நீயே அறியமாட்டாய்.

நீ கேட்டது பிழையில்லை. போன மாதம் எனக்கு எழுதிய கடிதத்திலும் அதைச் சொல்லியிருந்தாய்: கண்ணை மூடி ஒரு இராகத்தை மெல்லக் கட்டிக்கொண்டு வரும்போது, முன்வரிசையில் ஒருவர் கதிரையை இழுத்துக்கொண்டு எழும்பினால், கட்டியது எல்லாம் சரிந்துபோகிறது என்று. பாடுகிறவளுக்கு அது எவ்வளவு நோகும் என்று எனக்கு விளங்கும். உன் அம்மாவுக்கும் விளங்கும். அவவுக்கு அது அளவுக்கு மிஞ்சி விளங்கியதால்தான் எல்லாம் நடந்தது.

நீ சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே என்னைப் பகிடி பண்ணுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. தேர்த் திருவிழா, படமாளிகை, பாடசாலைப் பரிசளிப்பு, எங்கே போனாலும் உன்னை வாசலுக்குக் கிட்டத்தான் இருத்துவேன். உட்கார முன்னம் வெளியே போகிற வழியைக் காட்டச் சொல்வேன். செருப்பைக் கழற்றி மற்றவருடைய செருப்புக் குவியலில் போட விடமாட்டேன், உன் காலடியிலேயே வைத்திருக்கச் சொல்வேன். கொழும்பில் உன் முதற் கச்சேரிக்கு வந்தபோதும் நான் கடைசி வரிசையில் கதவோடு இருந்தேன். பிறகு நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, என்ர கச்சேரிக்குக்கூட வாசலடியில இருந்து காவல் காக்கிறீங்களோ? நான் என்ன களவெடுத்துக்கொண்டு ஓடிவிடுவனோ?" என்று கேட்டாய். உன் சிநேகிதிகள் எல்லாரும் சிரித்தார்கள். வயது போனால் இப்படித்தான் பிள்ளை என்று சொல்லிவைத்தேன். அது வயதின் பழக்கமில்லை.

அம்மா எப்படிப் போனா என்று கேட்டபோதெல்லாம், லோஞ்சில் ஆட்கள் கூடிப்போய் அது கவிழ்ந்தது என்று உனக்குச் சொன்னேன். விசாரணையில் கண்டதும் அதுதான், நான் பத்திரிகைக்கு எழுதியதும் அதுதான். அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் ஆட்கள் ஏன் கூடினார்கள் என்று விசாரணையில் யாரும் கேட்கவில்லை. அதை உனக்கு நேரில் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நீ வந்தால் பாட்டைப் பற்றிக் கதைப்போம், மீன் குழம்பைப் பற்றிக் கதைப்போம், விடுமுறை முடிந்துவிடும். இப்போது எழுத வேண்டிய நேரம் வந்துவிட்டது. நீ சம்மதித்தால் இதை விழா மலரில் போடவும் கொடுக்கிறேன். அந்த மைதானத்துக்கு வருகிற எல்லாருக்கும் தெரிய வேண்டிய கதை இது.

சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களில்தான் அந்த விழா தொடங்கியது. முதல் வருடமே குடாவுக்கு அக்கரையிலிருந்து மூதூர்ச் சனம் திரண்டு வந்தது. தமிழர், முஸ்லிம்கள் என்று இல்லை, பாட்டுக் கேட்கிற ஆசை உள்ள எல்லாரும் வந்தார்கள். கச்சேரி பின்னேரம் தொடங்கி, இருட்டுகிற நேரத்தில் முடியும். ஆனால் எல்லாரையும் ஒரே தடவையில் ஏற்ற லோஞ்சால் ஏலாது, இருட்டிய பிறகு அது ஒரு தரத்துக்கு மேல் ஓடுவதுமில்லை. வெயில் சாயும்போது ஒரு தரம் போய்த் திரும்பினால்தான், கச்சேரி முடிய இன்னொரு தரம் ஓடலாம். ஆகவே பாதிப் பேர் நடுவில் எழும்ப வேண்டும். மேடையில் வித்துவான் பாடிக்கொண்டிருக்க, முதுகைக் காட்டிக்கொண்டு எழும்பிப் போவது எப்படி? எங்கள் சனத்துக்கு அது ஏலாத காரியம். முதல் நாள் ஒருவரும் எழும்பவில்லை. அடுத்த நாள் அப்போதைய செயலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். இறங்குதுறையில் லோஞ்ச் ஹோர்ன் அடிக்கும். செயலாளர் மேடையோரம் போய்க் கைகூப்பி நிற்பார். பாடுகிறவர் எடுத்த பாட்டை முடித்துவிட்டு, இரண்டு வரியில் சின்னதாக ஒரு மங்களம் பாடுவார். மங்களம் பாடியாகிவிட்டால் எழும்புவதில் அவமரியாதை இல்லை அல்லவா? அக்கரைக்காரர் எழும்பி மேடையைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். பிறகு பாடகர் தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடருவார். கச்சேரிக்கு இரண்டு மங்களம் இருந்தது எங்கள் ஊரில் மட்டும்தான். முதலாவதற்குப் படகு மங்களம் என்று பெயர் வந்தது.

அந்த நேரத்தில் மைதானத்தைப் பார்க்க வேண்டும் நீ. ஊர்ச் சனம் காலை மடக்கிக்கொள்ளும், பாயைச் சுருட்டி நடுவில் ஒரு பாதை விடும். கச்சான் கடலை விற்கிறவர் லோஞ்சில் கொறிக்கக் கடதாசிச் சரைகளைச் சுற்றித் தயாராக வைத்திருப்பார். அவர் காலடியில் விழும் கடதாசிக்காகக் கோட்டையடியில் திரிகிற மான்கள் இரண்டு எப்போதும் நிற்கும். உப்புவெளியிலிருந்து வந்து மிருதங்கம் வாசிக்கிற ஒருவர் ஒலிபெருக்கியில், "மூதூர்ச் சம்பந்திமார் எழும்புகினம், வழி விடுங்கோ, பிறகு கலியாணத்தில குறை சொல்லுவினம்" என்பார். எழும்புகிறவர்களும் விடமாட்டார்கள். "நாங்க போன பிறகுதானே நீர் தாளம் பிழைக்கிறனீர், நல்ல நேரத்தில போறம்" என்று ஒரு முறை ஒரு பெரியவர் திருப்பிச் சொன்னார். ஒருவரை ஒருவர் இடிக்காமல், குழந்தைகளை முன்னுக்கு விட்டு, சனம் இரண்டாகப் பிரிந்து போகும். அதை மரியாதை என்றுதான் நாங்கள் நினைத்தோம். அது பாதுகாப்பும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

உன் அம்மா அப்போது மூதூரில் படிப்பித்துக்கொண்டிருந்தா. திங்கள் முதல் வெள்ளிவரை அங்கே ஒரு ஆசிரியை வீட்டில் தங்குவா, சனிக்கிழமை பாலையூற்றில் நம் வீட்டுக்கு வருவா. வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போய்ச் சில காலம்தான் ஆகியிருந்தது. துறைமுகம் வெறிச்சோடிக் கிடந்ததால் அந்த வருடம் விழாவைப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று ஊர் நினைத்தது. வெளியூரிலிருந்து பெயர் பெற்ற பாடகர் ஒருவரைக் கடைசி நாளுக்கு அழைத்தார்கள். அந்த நாளில் உனக்குக் கூகைக்கட்டு. முகம் இரண்டு பக்கமும் வீங்கிப்போயிருந்ததால் உன்னைச் சின்னம்மாவோடு வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். அடுத்த நாள் பள்ளிக்கூடம் என்பதால் அம்மா கைப்பையோடும் கறுப்புக் குடையோடும் வந்திருந்தா, படகு மங்களத்தோடு போவதாக ஏற்பாடு. மைதான வாசலில் நின்று, "இண்டைக்காவது பேனையைப் பையில வைச்சுப்போட்டுப் பாட்டைக் கேளுங்கோ" என்றா. "கேக்கிறதுக்கு நீர் இருக்கிறீர், எழுதுறதுக்கு நான் இருக்கிறன்" என்றேன். "அப்ப நான் போன பிறகு பாடுறதைக் கவனமா எழுதி வையுங்கோ. சனிக்கிழமை வந்து கேட்பன், ஒரு பாட்டும் விடக் கூடாது." நான் பத்திரிகைக்காரருக்குப் போட்ட வாங்கில் போய் இருந்தேன். அந்த வருடம் கதிரைகளும் போட்டிருந்தார்கள்; அம்மா பெண்கள் பக்கத்தில், நடு வரிசையில், நடுவில் இருந்தா.

வெயில் சாய்கிற நேரத்தில் அந்தப் பாடகர் ஒரு இராகத்தை எடுத்தார். இன்றுவரை அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. நேரம் வந்தது எனக்குத் தெரிந்தது, ஆனால் ஹோர்ன் கேட்கவில்லை. செயலாளர் மேடையோரம் போனார், கைகூப்பி நின்றார். பாடகர் கண்ணை மூடியிருந்தார். எங்கள் வழக்கத்தை அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. அவ்வளவு பெரியவரிடம் போய் நடுவில் நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்வது என்று குழுவில் ஒவ்வொருவரும் மற்றவர் சொல்லட்டும் என்று விட்டிருந்தார்கள். இந்த இராகம் முடியட்டும் என்று செயலாளர் பின்வாங்கினார். இராகம் முடியக் கீர்த்தனை. அம்மா குடையை எடுத்துக்கொண்டு பாதி எழும்பினா. பின்னால் இருந்த ஒரு அம்மாள், "இருங்கோ பிள்ளை, இப்ப முடிஞ்சிடும்" என்று மெல்லச் சொன்னது உதட்டசைவில் எனக்குத் தெரிந்தது. அம்மா சுற்றிப் பார்த்தா. வேறு யாரும் எழும்பவில்லை. வெட்கத்தோடு சிரித்துவிட்டு இருந்தா. பிறகு மிருதங்கத் தனி. வாசித்தவர் எங்கள் உப்புவெளிக்காரர். நம்மூர்க்காரருடைய தனிக்கு எழும்புவதா என்று அப்போதும் ஒருவரும் எழும்பவில்லை. அம்மா பாதி எழும்பித் திரும்ப இருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், மகளே. அதற்குப் பிறகு அவவை நான் உயிரோடு பார்க்கவில்லை. மங்களம் பாடியதும் அக்கரைச் சனம் முழுவதும் ஒரே அலையாக எழும்பி இறங்குதுறைக்கு ஓடியது. நான் வாங்கில் இருந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்றும் இன்றும் லோஞ்ச் ஓட்டுகிற காசீம் நானாவைப் போன திங்கட்கிழமை இறங்குதுறையில் கண்டேன். என்னைக் கண்டதும், "பேப்பர்காரர் வந்தா நல்ல சேதி இருக்காதே" என்றார். இசை விழா திரும்ப வரப்போகுதாம் நானா என்றேன். எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "அண்டைக்கு நான் ஹோர்னில கையை வெச்சிட்டன். பாட்டு இஞ்ச வரைக்கும் கேக்குது. அப்பிடி ஒரு பாட்டுக்குள்ள எப்பிடி ஹோர்ன் அடிக்கிற? மனம் வரல்ல. ஆக்கள் வருவாங்க எண்டு நின்ட, ஒருத்தரும் வரல்ல. பொறகு எல்லாரும் வந்திட்டாங்க. விட்டுட்டுப் போங்க எண்டு ஆருக்குச் சொல்ற? எல்லாம் தெரிஞ்ச முகம்." இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் இதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. விசாரணைக்குப் பிறகு சில காலம் அவரை லோஞ்ச் ஓட்ட விடவில்லை. அப்போதும் அவர் ஹோர்னைப் பற்றி ஒருவருக்கும் சொல்லவில்லை. பாட்டின் மேல் பழி போடுவதாகிவிடும் என்று நினைத்தாராம்.

லோஞ்ச் துறைமுக வாயைத் தாண்டும்போது காற்று எழும்பியிருந்தது. நீர் பலகைக்கு மேலால் வந்ததும் ஒரு பக்கத்தார் மறு பக்கத்துக்கு நகர்ந்தார்கள், அவ்வளவுதான். கரைவலைக்காரர் தோணிகளில் போய் அநேகமாக எல்லாரையும் தூக்கிவிட்டார்கள். உன் அம்மாவும் வேறு மூன்று பேரும் மிஞ்சவில்லை. விழாவும் அத்தோடு நின்றுபோனது. கச்சான்காரர் மறுநாள் அம்மாவின் குடையைக் கொண்டுவந்து தந்தார், கதிரைக்குக் கீழே கிடந்ததாம். மழை வந்தாலும் வராவிட்டாலும் குடையை மறக்காத மனுசி. எப்படி ஓடியிருப்பா என்று எனக்கு அந்தக் குடைதான் சொன்னது. நீ பள்ளிக்கூடம் போகும்போது பிடித்துக்கொண்டு போனது அதைத்தான்.

ஆனால் உனக்கு நான் சொல்ல வேண்டியது இன்னொன்று. அன்று இறங்குதுறையிலிருந்து ஆள் ஓடிவரும் முன்பே கச்சேரி பற்றிய செய்தியை நான் தந்தியில் அனுப்பிவிட்டேன். பிறகு விபத்துச் செய்தியையும் நானே அனுப்பினேன். இரண்டும் மறுநாள் ஒரே பக்கத்தில் வந்தன. முதலாவதில் ஒரு வரி, நான் பாராட்டாக எழுதியது: சபையில் ஒருவர்கூட எழும்பாமல் இறுதிவரை இருந்து கேட்டனர். இன்று நீயும் அந்த வரியில் உள்ளதையே கேட்டிருக்கிறாய் என்று செயலாளர் சொன்னபோது, என் சைக்கிள் எனக்கு ஏன் தெரியாமல் போனது என்று இப்போது உனக்கு விளங்கும்.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அன்றைய செயலாளர் மரியாதை பார்த்தார், நானா மரியாதை பார்த்தார், அம்மா மரியாதை பார்த்தா. ஒருவராவது கொஞ்சம் மரியாதை கெட்டு நடந்திருந்தால் போதும். அதனால்தான் பிள்ளை, சபையில் மற்றவருக்கு இடைஞ்சல் இல்லாமல் நடந்துகொள் என்று உனக்குப் படிப்பித்த நான், இப்போது அதில் மறு பாதியையும் சேர்த்துச் சொல்கிறேன்: மற்றவர் எழும்பிப் போக இடம் கொடுப்பதும் அதுதான். பாட்டை இருந்து கேட்கிறவர் பேசாமல் கேட்கட்டும், தண்ணீர்ப் போத்தலைப் பக்கத்தில் இருக்கிற குழந்தைக்கும் நீட்டட்டும். தூரத்துக்குப் போக வேண்டியவர் நடுவில் போய் இராமல் வரிசைக் கரையில் இருக்கட்டும். ஊர்க்காரர் பாயை ஒதுக்கி நடுவில் பாதை விடட்டும். இறங்குதுறையில் கிழவர்களையும் பிள்ளைகளையும் முன்னுக்கு விட்டு, நானா போதும் என்றால் மற்றவர்கள் லோஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பின்னால் நிற்கட்டும். மிஞ்சி நிற்கிறவர்களை எங்கள் வீட்டில் படுத்துவிட்டு விடியப் போங்கள் என்று கேட்க ஊரில் ஆள் வேண்டும். அன்று அதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பாலையூற்றில் நம் வீட்டில் பத்துப் பேருக்குப் பாய் இருக்கிறது என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன். கேற்றை மட்டும் பூட்டவே கூடாது. இதை நான் சொன்னால் கிழவன் பயப்படுகிறான் என்பார்கள். நீ சொன்னால் கேட்பார்கள், ஏனென்றால் நீ கேட்டதற்காகத்தான் பூட்டுகிறார்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். வெயில் சாயும்போது காசீம் நானா ஹோர்ன் அடிப்பார்; இந்த முறை எந்தப் பாட்டுக்காகவும் பொறுக்கமாட்டேன் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். நீ அப்போது எதைப் பாடிக்கொண்டிருந்தாலும் முடித்துவிட்டு, இரண்டு வரி மங்களம் பாடு. உன் இராகம் உடையும். ஒலிப்பதிவுக்காரர் முகம் சுளிப்பார். உடையட்டும். இப்போது வெளியூர்ப் பாடகர் நீதான் மகளே. அன்று அவருக்குச் சொல்லாமல் விட்டதை உனக்கு நான் சொல்லிவிட்டேன்.

தெரியாமல் இருப்பவை இவை. கேற்றைப் பற்றிக் குழு வெள்ளிக்கிழமை கூடித் தீர்மானிக்கும். லோஞ்ச் இரண்டு தரம் ஓடுவதற்கு முதலாளியின் சம்மதத்தைக் கேட்டுச் சனிக்கிழமை சொல்வதாக நானா சொல்லியிருக்கிறார். உன் பதில் தபால் ரயிலில் வந்தால் வியாழக்கிழமை என் கைக்குக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் பத்திரிகைக்காரர் வாங்கில் இருக்கப் போவதில்லை, வாசலடியிலும் இருக்கப் போவதில்லை. அம்மா இருந்த நடு வரிசையில், நடுவில் இருப்பேன். ஹோர்ன் கேட்டதும் முதலில் எழும்புகிறவன் நான். ஒருவர் எழும்பினால் மற்றவர்களுக்கு வெட்கம் போய்விடும். அவர்களோடு இறங்குதுறைவரை போவேன், ஆகவே உன் கச்சேரியின் பின்பாதியை நான் கேட்கப் போவதில்லை. நீ மங்களம் பாடாவிட்டாலும் எழும்புவேன். அதற்கு இப்போதே மன்னித்துவிடு. அந்த நேரம் என் முதுகுக்குப் பின்னால் மங்களம் கேட்குமா என்பது மட்டும்தான் இன்னும் உறுதியாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெயில் சாயும்போது தெரியும்.

அப்பா